மாம்பழத்தை எங்கே வைப்பது

பதினோரு ஆட்டம், நாலு கோல்.
அதிலும் ஒன்று எதிரணிக்காரன் முழங்காலில் பட்டு உள்ளே போனது.
முன்வரிசையை மாற்றியே ஆகணும் என்கிறார் முதலாளியின் மச்சினர்.
ஜனவரி முப்பத்தொன்று, ராத்திரி எட்டரை.
பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்,
அப்புறம் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

லால்பாக் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
பலகையின் காந்தப் பொத்தான்கள் எப்போதோ தொலைந்துவிட்டன.
கோச் உத்தய்யா வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வந்த பழங்கள்தான்
இப்போது எங்கள் அணி.
நடுவில் மாம்பழம்: சம்பங்கி, கௌதம்புரத்துப் பையன், ஒன்பதாம் நம்பர்.
இடது ஓரம் அன்னாசி: லால்நுன்ஃபேலா,
ஐஸ்வாலிலிருந்து வந்து ஐந்து மாதம்.
வலது ஓரம் பாதி உடைந்த தர்பூசணி.
அது நிஜாமுதீன். தெரிந்தால் வருத்தப்படுவான்.

நான் வீடியோ வெட்டுகிறவள்.
"நீயும் ஒரு லிஸ்ட் போடும்மா" என்றார்கள்.
போட்டேன்.

மாம்பழத்தை ஷில்லாங்குக்குக் கொடுத்தால்
ஆறடி இரண்டங்குலம் ஒன்று வரும், தலையால் முட்டும்.
அதன் தலைக்குப் பந்து தூக்கிப் போட நம்மிடம் ஆளில்லை.
ஆள் வாங்கப் பணம் வேண்டும், பணத்துக்கு அன்னாசியை விற்கணும்.
கோவாக்காரர்கள் கேட்கிறார்கள்,
பதிலுக்கு முப்பத்துநான்கு வயது அக்னெலோ,
கூடப் பன்னிரண்டு லட்சம்.
அக்னெலோவின் இடது முட்டியைப் பற்றி
அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
வண்டிமாட்டை விற்று உப்பு வாங்கி,
உப்பை ஏற்ற மாடு தேடுகிற வியாபாரம் என்றேன்.
"மாடு யார் கேட்டா?" என்றார் மச்சினர்.

பத்து மணிக்கு எல்லா ஆட்டத்தையும் மறுபடி ஓட்டினேன்,
இந்தத் தடவை சத்தத்தோடு.
வழக்கமாக ஊமையாக்கித்தான் வெட்டுவேன்,
கூட்டத்தின் கூச்சல் கணக்கைக் கெடுக்கும்.
முப்பத்தேழு தடவை
சம்பங்கி குறுக்கே வெட்டி ஓடுகிறான்,
இரண்டு பேர் அவனைத் துரத்திக்கொண்டு போக,
அவர்கள் விட்டுப் போன இடம் காலி மனையாய்க் கிடக்கிறது.
கோலுக்குப் பின்னால் வைத்த மைக்கில் தெளிவாய்க் கேட்கிறது:
"இங்க! டேய், இங்க!"
அன்னாசி நிமிரவில்லை. பந்தைப் பின்னால் தட்டுகிறான்.
முப்பத்தேழு தடவை.

இங்க என்றால் என்னவென்று
அவனுக்கு யார் சொன்னோம்?

லிஸ்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.
கொடுப்பது ஒரு சொல், வாங்குவது ஒரு சொல்,
செலவு இரண்டு காபி.

மச்சினர் சிரித்தார். கோச் சிரிக்கவில்லை.
மாம்பழத்தை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தார்,
பழுத்ததா என்று பார்க்கிறவர் மாதிரி.
பிறகு இருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி ஒட்டினார்.

வந்ததுக்கு ஏதாவது செய்தாகணுமே.
பதினொன்றே முக்காலுக்கு
மச்சினர் வலது பின்காவலில் ஒருவனை விற்றார். திராட்சை.
அன்று முழுக்க யாரும் அவன் பேச்சை எடுக்கவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள்.

காலையில் பயிற்சி. மைதானத்தில் இன்னும் பனி.
சம்பங்கி ஓடிக்கொண்டே கத்தினான்: "ஹேதா!"
இடது ஓரத்தில் ஒரு தலை நிமிர்ந்தது.
பந்து வந்தது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் உயரமாக.
சம்பங்கி எம்பினான். கம்பத்துக்கு மேலே,
வேலிக்கும் மேலே, பார்க்கிங்கில் போய் விழுந்தது.
"இங்கே இங்கே" என்று அன்னாசி
தன் காலையே காட்டிச் சிரித்தான்.

பந்தை எடுத்துப் போட்டவன் பாக்கியதாஸ், கே.ஜி.எஃப்.காரன்.
நேற்றுவரை எங்கள் திராட்சை.
ஒன்பது மணிக்குப் பஸ்ஸாம், பூட்ஸ் எடுக்க வந்தானாம்.
தோள் பையை இறக்காமலே ஓர் உதை விட்டான்.
அறுபது கெஜம், வேலி தாண்டி,
இரண்டு ஸ்கூட்டருக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் மேலாக
நேரே அன்னாசியின் காலுக்கு.

நான் கேமராவை ஆன் பண்ணியிருக்கவில்லை.